எல்ராய் டிஷ்லர் பரண் வாங்கிய கதை

எல்ராய் டிஷ்லரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று ஊரில் கேட்டால் ஆளாளுக்குத் தலையைச் சொறிவார்கள். வாழ்நாள் முழுக்க சீஸ் ஆலையில் தொட்டி கலக்கியவர். ஓய்வு பெற்ற அன்று முதலாளி மேடையில் கைக்கடிகாரம் கொடுக்க, "நேரம் பாத்து நான் இனி எங்க போகப்போறேன்? ஒரு உருளை சீஸ் குடுத்திருந்தா தின்னாவது இருப்பேன்" என்று மைக்கிலேயே சொன்னவர். ஞாயிறு பூசையில் அவர் விடும் குறட்டைக்கு ஏற்றபடி பாதிரியார் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார். அந்த ஒரு புண்ணியத்துக்கு மட்டும் ஊர் அவருக்குக் கடன்பட்டிருந்தது.

ஆனால் அவரிடம் ஒரு மரம் இருந்தது. அதுதான் விஷயமே.

விஸ்கான்சினின் வடகோடியில் நவம்பரில் மான் வேட்டைக் காலம் திறந்துவிட்டால் கல்யாணம் கருமாதியெல்லாம் தள்ளிப்போகும். எல்ராயும், அவர் மனைவி ஆர்டிஸின் அண்ணன் வெண்டல் காஸ்பரும், இன்னும் சில உறவுக்காரர்களும் காட்டுக்குள் ஒரு பழைய குடிலில் போய் அடைவார்கள். குறி தவறியவனின் சட்டைக் கீழ்நுனியை வெட்டி அங்கே சுவரில் ஆணியடித்து வைப்பது வழக்கம். சுவரில் பாதி எல்ராயின் சட்டைகள்தான். குடிலுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. வேட்டை திறக்கும் காலையில் தன் மரத்துப் பரணில் ஏறி உட்கார்ந்திருப்பவனுக்கே அந்த மரம். தரையில் நின்றால் மரம் அடுத்தவனுக்குப் போய்விடும், நின்றவன் கைக்குக் கரண்டி வரும், அதன்பின் சாகும் வரை அவன்தான் சமையல். இதுவரை கரண்டி வாங்கிய யாரும் திரும்ப மரம் ஏறியதில்லை.

எல்ராயின் மரம், பீவர் என்ற நீரெலிகள் ஓடையில் கட்டிய அணைக்கு மேலே நின்ற ஓக். இளவயதில் சீட்டாட்டத்தில் வென்றது. அதே ஆட்டத்தில் தோற்ற வெண்டலுக்குக் கிடைத்ததோ நரிகூட ஒண்ணுக்குப் போகாத சதுப்பு. அன்றிலிருந்து அந்த மனுஷருக்கு ஓக் மேல் கண். எல்ராய் இருமினால்கூட அக்கறையாக விசாரிப்பார்.

இந்த வருஷம் இரண்டு இடி சேர்ந்து விழுந்தது. எல்ராயின் வலது முழங்கால் மூட்டை எடுத்துவிட்டு உள்ளே எஃகு வைத்தார்கள். அதோடு அந்த வேட்டைக் காட்டை வைத்திருந்த காகித ஆலை அதை மாவட்ட நிர்வாகத்துக்கு விற்றது. மாவட்டம் வந்ததும் வராததுமாக, மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, பழைய பலகைப் பரண்களையெல்லாம் பிடுங்கு, வேண்டுமானால் தூக்கிக்கொண்டு வந்து தூக்கிக்கொண்டு போகிற பரணை வை என்றது.

"என்ன மாப்ளே, இந்த வருஷம் சூப்பு வைக்கப் பழகிட்டியா?" என்று வெண்டல் கேட்டார்.

"உன் கருமாதிக்கு வைக்கிறேன் மச்சான், வந்து குடிச்சிட்டுப் போ" என்றார் எல்ராய்.

வாய்தான் அப்படிச் சொன்னது. மறுநாளே வேட்டைச் சாமான் கடைக்குப் போனார். மூக்குத்தி போட்ட ஒரு பெண் வந்து விளக்கினாள். ஏணிப்பரணில் சாமியார்கூட ஏறலாம், ஆனால் சுமக்கவும் நிமிர்த்தவும் ரெண்டு ஆள் வேண்டும். தொங்குபரணை ஒற்றை ஆள் கொண்டுபோகலாம், ஆனால் மரத்தில் படிக்குச்சி கட்டி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் மாட்ட வேண்டும், அதற்குக் குரங்கு ரத்தம் வேண்டும். மூன்றாவது ஏறுபரண். மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று ரெண்டு துண்டு. மேல்தட்டை நகர்த்தி உட்கார்ந்து, கால்களால் கீழ்த்தட்டை இழுத்து, கம்பளிப்பூச்சி போல மரத்தில் ஏறிவிடலாம். முதுகில் மாட்டித் தனியாகவே போகலாம்.

தனியாக என்ற சொல்லைக் கேட்டதும் எல்ராய் அதன் பிறகு எதையும் கேட்கவில்லை.

"உங்க எடை எவ்வளவுங்க?" என்றாள் அவள்.

"இருநூத்தி நாப்பது பவுண்டு."

அந்தப் பெண் அவர் வயிற்றைப் பார்த்தாள். "துணியோடயா, துணி இல்லாமயா?"

"துணி இல்லாம என்னை எவ பாத்தா?"

"இல்லைங்க, இது முந்நூறுதான் தாங்கும். கோட்டு, பூட்ஸு, துப்பாக்கி, சாண்ட்விச்சு எல்லாம் அந்த முந்நூறுக்குள்ளதான்."

எல்ராய் எத்தனை சாண்ட்விச் கொண்டுபோவார் என்பது அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் ஆர்டிஸ் பெட்டியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "யோவ், இது உன்னைத் தாங்குமா? கல்யாணத்துக்கு வாங்கின கட்டிலே ரெண்டாவது வருஷம் கைய விரிச்சிருச்சு."

"அதுக்கு நான் மட்டுமா காரணம்?"

"வாயக் கழுவு. சரி, ஏறு, ஏறிக் காட்டு. இடுப்புல வாரைக் கட்டிக்கிட்டு ஏறு. விழுந்து தொலைச்சா உன்னைத் தூக்க எனக்குத் தெம்பு இல்ல."

ஞாயிறு பூசை முடிந்ததும் எல்ராய் வீட்டு முற்றத்து மேப்பிள் மரத்தில் ஏறினார். பெருமூச்சு, ஒரு கெட்ட வார்த்தை, ஒரு சாண். பெருமூச்சு, இன்னும் மோசமான வார்த்தை, அடுத்த சாண். பூசை முடிந்து வீடு திரும்பிய சனம் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது. வீட்டுக் கூரை உயரம் வந்ததும் எல்ராய் மேல்தட்டில் உட்கார்ந்து ராஜா மாதிரி கையசைத்தார். அசைத்த அசைப்பில் கால் ரெண்டும் கீழ்த்தட்டின் கொக்கியிலிருந்து நழுவ, அந்தத் தட்டு சரசரவென்று மரத்தோடு சறுக்கித் தரையில் போய் உட்கார்ந்தது. ரெண்டு தட்டையும் சேர்த்து ஒரு கயிறு கட்ட வேண்டும். அந்தக் கயிறு பிரிக்காத பையில் சமையல் மேசை மேல் பத்திரமாக இருந்தது.

எல்ராய் அந்தரத்தில் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் சிரித்து ஓய்ந்து சாப்பிடப் போனது. வெண்டல் மட்டும் தன் வீட்டு ஏணியைத் தோளில் சுமந்து வந்தார். வந்தவர் அதை மரத்தில் சாய்க்காமல் புல்லில் கிடத்தி, அதன் மேல் உட்கார்ந்து ஒரு பீரைத் திறந்தார்.

"காத்து எப்படி மாப்ளே மேல?"

"ஏணியச் சாத்துய்யா!"

"ஓக்கைக் குடு, சாத்தறேன்."

"செத்தாலும் குடுக்க மாட்டேன்."

"அப்ப அங்கயே இரு. பனி பெய்யும்போது எட்டிப் பாக்கறேன்."

எல்ராய் அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். வெண்டல் ஒரு மிடறு குடித்தார். திட்டு தீர்ந்ததும் எல்ராய் கெஞ்சினார். "என்கிட்ட வேற என்ன இருக்கு மச்சான்? ஆலை வேலை போச்சு, காலு போச்சு. அந்த மரமும் போனா குடில்ல நான் யாரு? கரண்டிதானே?"

வெண்டல் பீர் டப்பாவை நசுக்கினார்.

ஆர்டிஸுக்குப் பொறுக்கவில்லை. இடுப்பில் கை வைத்து முற்றத்தில் வந்து நின்றாள். "ரெண்டு பேருக்கும் வெட்கமே கிடையாதா? ஏணிப்பரண்தானே இந்தக் காலுக்கு ஏற முடியும்? அதைத் தூக்க ரெண்டு ஆள் வேணும். இந்தக் கிறுக்கனோட வேற எவன் வருவான்? ரெண்டு பேர் உக்கார்ற ஏணிப்பரண் கடையில இருக்கு. அப்பனும் புள்ளையும் உக்கார்றதுக்குச் செஞ்சது. அண்ணே, நீ சுமந்துட்டுப் போ, கூட உக்காரு. இல்லைன்னா ரெண்டு பேருக்கும் இந்த வீட்டுல சோறு கிடையாது."

கெட்ட வார்த்தைகளோடு ஒப்பந்தம் முடிந்தது, ஏணியும் மரத்தில் சாய்ந்தது.

வேட்டை திறந்த காலை, ஆரஞ்சு நிறக் கோட்டில் ரெண்டு பூசணிக்காய்கள் ஓக் மரத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. எல்ராயின் துப்பாக்கி வெண்டலின் தொடைக்கடியில் மாட்டிக்கொண்டது. வினிகரில் ஊறின முட்டையும் பிராந்தியும் சேர்ந்து வெண்டலின் வாயில் வீசின.

"மூஞ்சியத் திருப்பித் தொலை மச்சான், மான் மயங்கி விழுந்துரும்."

"நீ முதல்ல உன் குண்டியத் தள்ளு."

அப்போது பனிமூட்டம் பீவர் குளத்திலிருந்து மெல்ல எழுந்தது. அணை தெரிந்தது. அப்பால் புல்வெளி முழுக்க உறைபனி பூத்து வெளிச்சத்தில் ஜொலித்தது. அணை மேலேயே பெண் மான்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து வந்தன. கடைசியில், மரக்கிளையையே தலையில் சுமந்தது போன்ற கொம்புகளோடு ஒரு கிடா மான் வந்து, தண்ணீரைப் பார்த்து நின்று மூச்சு விட்டது. அந்த மூச்சு வெண்புகையாகப் போவதைக்கூடப் பார்க்க முடிந்தது.

"சுடு மச்சான், சுடு" என்று எல்ராய் கிசுகிசுத்தார். வெண்டலின் துப்பாக்கி அவர் மடியில் தயாராகத்தான் இருந்தது.

வெண்டல் அதைத் தொடவில்லை. கிடா நிதானமாக நீரைக் கடந்து மறு கரை ஏறிப் புதருக்குள் மறைந்தது. எல்ராய் கோபத்தோடு திரும்பினார். மச்சானின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"படுபாவி, நான் அங்க சேத்தைப் பாத்துக்கிட்டிருந்தேனே... இத்தனை வருஷமா நீ மட்டும் இதைப் பாத்துக்கிட்டா உக்காந்திருந்தே?"

"ஆமா மச்சான்" என்றார் எல்ராய். மச்சானுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விடலாம் என்று நகரப் பார்த்தார். நகர இடமே இல்லை.