சீழ் என்று நினைத்துக் கழுவிய ஜெல்

மே மாத வெயிலில், மும்பை மாட்டுங்கா கோவிலின் கல்தரையில் ஒன்பது பிரதட்சிணம் வந்தேன். சுடவே இல்லை. வீட்டில் ரத்தத் தடத்தைப் பார்த்து மனைவிதான் கூவினாள். நியூரோபதி (சர்க்கரை நோயால் நரம்பு மரத்துப்போவது) என்ற சொல்லை அப்போது கற்றேன்.

வலது கால் கட்டைவிரலின் அடியில் கொப்புளம் புண்ணாகிக் கிருமி பிடித்தது. செம்பூர் டாக்டர் ஒரு தமிழ்ப் பையன். "ஆறலேன்னா விரலை எடுக்கணும், அங்கிள்" என்றார், பஸ் நம்பர் சொல்வதுபோல.

கிருமிக்கொல்லி ஹைட்ரோஜெல் (நீரைத் தேக்கிவைக்கும் கூழ்த் தகடு) ஒட்டினார். "மூணு நாள் கை வைக்காதீங்க." அவ்வளவுதான். அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

குளிக்காமல் பூஜை செய்து எனக்குப் பழக்கமில்லை. மறுநாள் காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு குளித்தேன். நீர் புகுந்துவிட்டது. மனைவி கட்டைப் பிரித்தாள். உள்ளே மஞ்சளாக, கொழகொழவென்று.

"பாருங்கோன்னா, சீழ்! ஈரத்தோட விட்டா ஆறுமோ?"

கழுவினோம். ஃபேனடியில் உலர்த்தி மஞ்சள்பொடி தூவினோம். காய்ந்தால்தான் புண் ஆறும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். புண் பெரிதாயிற்று.

"இப்படி சுக்காவாக் காய வெச்சது யாரு?" டாக்டர் கத்தினார். "அது சீழ் இல்ல ஆன்ட்டி, ஜெல்! ஈரம் இருந்தாத்தான் புதுத் தோல் வரும்."

"அதை முந்தியே சொல்ல வாய் வலிச்சுதா?" என்றேன்.

"எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன், அங்கிள்."

"வெளியில கட்டுப்போட்ட காலோட பதினோரு பேர் உக்காந்திருக்கா. போய்க் கேளு!"

அவர் போகவில்லை. நானே நொண்டிக்கொண்டு போய்க் கேட்டேன். ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்கிறேன். கசிவை உறிஞ்சினால் ஜெல் மஞ்சளாகும், லேசாக நாறும். பதறிக் கழுவாதீர்கள். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே ஓடுங்கள்.

மறுபடி ஜெல் ஒட்டினார்கள். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு பூஜை அறைக்கு வெளியே உட்கார்ந்தேன்.

"உள்ள வாங்கோ. நீங்க குளிக்கலேன்னு ஸ்வாமி ஓடியா போயிடுவார்?" என்றாள் மனைவி. நான் போகவில்லை. கோபம் யார்மேல் என்றுகூடத் தெரியவில்லை.

விரல் பிழைத்தது. இனி வெறுங்காலே கூடாதாம்.

"பூஜை அறையிலுமா?"

"அங்கயும்தான், அங்கிள்."

அதற்கென்று தனிச் செருப்பு வாங்கி, அதோடு சாமி முன்னால் நிற்கிறேன். முன்பெல்லாம் கற்பூரம் அணைந்தால் என் பூஜை முடிந்துவிடும். இப்போது அதற்குப் பிறகு தரையில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். விரல் என்னுடையதுதான். நன்றாக இருக்கிறதா என்று மரத்துப்போன அதனிடம் கேட்டுப் பயனில்லை.