பின்சில்லில் பதினாறு போல்ஸ்

1. திரும்பி வந்த சைக்கிள்

காலை ஏழு மணிக்கு நான் கடைப் பலகையைக் கழற்றும்போது பவளராணி மிஸ் வாசலில் நின்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டு வரவில்லை. கரியரைப் பிடித்துப் பின்சில்லைத் தூக்கி, முன்சில்லில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். மூன்று நாளைக்கு முன்னர் நான் சேர்விஸ் பண்ணிக் கொடுத்த அதே சைக்கிள்.

"அண்ணன், சில்லு கிறுகுதில்ல. நேத்து அக்கரையில, வயல் வட்டைக்கு நடுவில இறுகி நிண்டிட்டு."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. குருக்கள்மடத்தில் முப்பத்தைந்து வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். நான் பூட்டிய ஹப், சில்லின் நடுக்குடம், மூன்று நாளில் நின்றது என்று யாரும் வந்ததில்லை.

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலம் அது. மிஸ் குடும்பநல மாது, கர்ப்பிணிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் மருத்துவிச்சி. வீடு இந்தக் கரையில், பார்க்க வேண்டிய தாய்மார் வாவிக்கு அக்கரையில். ஸ்கூட்டி சும்மா கிடந்ததால் தகப்பனின் பழைய சைக்கிளை இறக்கி எடுத்திருந்தார். தினமும் பாதையில் அதை ஏற்றிக்கொண்டு போவார். பாதை என்றால் எங்களுக்குத் தெருவில்லை, ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் தட்டைப் படகு.

"வட்டைக் கரையில ஒரு புள்ள இரிக்கா, அண்ணன். தலைப்பிள்ளை. நாள் கிட்டிட்டு. போன கிழமையே பிறசர் கூட, காலும் வீங்கியிரிக்கி. நேத்து அவவப் பாக்கத்தான் போனன். சில்லு நிண்ட இடத்தில இருந்து இன்னும் நாலு மைல். நடந்தா கடைசிப் பாதைய விட்டிருவன். தூக்கிக்கொண்டு திரும்பிட்டன். போன் அடிச்சா கிடைக்குதுமில்ல."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"எட்டரைப் பாதைக்குப் போகணும். தருவீங்களா?"

வேறு சைக்கிள் கொடுக்கலாம் என்றால் கடையில் நின்றதெல்லாம் அக்கக்காகக் கழற்றிக் கிடந்தது. என்னுடையதை மகன் வேலைக்கு எடுத்துப் போயிருந்தான். மிஸ்ஸை ஸ்டூலில் இருக்கச் சொல்லிவிட்டுச் சில்லைக் கழற்றினேன்.

2. என் பிழை

மூன்று நாளைக்கு முன்னர் அந்த ஹப்பை முதல்முதல் திறந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும்.

இருபது வருடம் ஓடாமல் கிடந்த சைக்கிள். உள்ளே கிறீஸ் காய்ந்து பலாப்பால் மாதிரிப் பிடித்திருந்தது. கழுவ மண்ணெண்ணெய் இல்லை, அதற்கும் வரிசை. மில்லில் இருந்து ஒரு பேணி தவிடு வாங்கி வந்தேன். தவிடு எண்ணெய்ப் பிசுக்கை இழுக்கும். ஹப்புக்குள் உருண்டு சில்லைச் சுழலவைக்கும் உருக்குக் குண்டுகளான போல்ஸ் எல்லாவற்றையும் தவிட்டோடு ஒரு துணியில் முடிந்து கால் மணிநேரம் உருட்டினேன். பக்கத்து வீட்டுக் கோழிகள் வந்து சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன.

ஹப்பின் கப்பையும், அதாவது போல்ஸ் ஓடும் கிண்ணத்தையும், தவிடு போட்டுத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். அப்படியே இருந்துவிட்டேன். என் மூத்த மகன் பிறக்க முன்னர் செய்த சாமான். எத்தனை மனிதர், எத்தனை மூடை நெல், எத்தனை கிறவல் ரோட்டு அதன் மேலால் போயிருக்கும். போல்ஸ் ஓடிய தடம் மட்டும் ஒரு வெள்ளி வளையமாக மின்னியது. என் கண் அதில் தெரிந்தது. இவ்வளவு பாரத்தைத் தாங்கிய இடம் தேயாமல், கூடக்கூட மினுங்குகிறதே என்று எனக்கு மெய் சிலிர்த்தது. அடுத்த கடைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஓம், நல்ல பளபளப்பு," என்றுவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு என்ன தெரியும்.

பின்சில்லில் பக்கத்துக்கு ஒன்பது போல்ஸ், ஆக மொத்தம் பதினெட்டு. செயின் பக்கத்தில் இரண்டு பொரிந்து போயிருந்தன. புதுப் போல்ஸ் எந்தக் கடையிலும் இல்லாத நேரம். என்னுடைய தகரப் பேணியைக் கவிழ்த்தால் அதே கால் அங்குலத்தில் சரியாக இரண்டு இருந்தன, புத்தம் புதிது. கடவுளே தந்தது என்று நினைத்து ஏழு பழையதோடு அந்த இரண்டையும் போட்டுப் பூட்டினேன்.

வேலை பழகுகிறவனுக்கு முதல் கிழமையே சொல்கிற விசயம் இது. பழையதோடு புதியதைக் கலக்காதே. எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன். இரண்டுதானே, என்ன செய்யப் போகிறது என்று.

3. கண்ணாடித் துண்டு

இப்போது திறந்தால் புதியதில் ஒன்று இரண்டாகப் பிளந்து குறுக்கே மாட்டியிருந்தது. போல்ஸைக் கப்போடு அணைத்து இறுக்கும் கோனில் ஆழமான கீறல். கப்பில் நகம் தடவினாலும் தெரியாத ஒரு கோடு மட்டும். பழைய போல்ஸில் ஒன்றுகூட உடையவில்லை.

"என்ன நடந்த?" என்று கேட்டார் மிஸ்.

பொய் சொல்லியிருக்கலாம். ரோட்டுப் பிழை, பாரம் கூட என்று எத்தனையோ சொல்லித் தப்பலாம். ஆனால் அந்தச் சைக்கிளில் ஏறித்தான் அவர் ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் பார்க்கப் போகிறார்.

"பிழை என்ட, மிஸ்," என்றேன். முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டொன்றை மேசையில் வைத்து, இரண்டு பழைய போல்ஸுக்கு நடுவில் மிஞ்சிய புதியதை வைத்தேன். மேலே உருக்கு அடிமட்டத்தை வைத்துக் காட்டினேன். அடிமட்டம் புதியதில் மட்டும் முட்டிக்கொண்டு ஆடியது. பழையதுக்கு மேலால் மயிரிழைக்கு வெளிச்சம் தெரிந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். இவன் கொஞ்சம் பெரிசு. அதால உங்கட முழுப் பாரமும் இவன்ட தலையில. மத்தவங்க சும்மா உருளுறாங்க. தாங்க ஏலாம வெடிச்சிட்டான்."

மிஸ் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்ப என்ன செய்வீங்க? புதுசு இல்லையே."

"புதுசு வேணாம். நல்ல பழசு பதினாறு இரிக்கி. பக்கத்துக்கு எட்டாப் போடுறன்."

"ஒண்டு குறையுதே, அண்ணன்."

"குறைஞ்சா மத்த எட்டும் பங்குபோட்டுத் தாங்கும், மிஸ். ஒண்டு பெருத்தாத்தான் ஆபத்து."

பதினாறையும் ஒவ்வொன்றாக வேறு இரண்டுக்கு நடுவில் அடிமட்டத்தின் கீழ் வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் ஒன்றிலும் தெரியவில்லை. அத்தனை வருடம் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடியும் எல்லாம் ஒரே அளவாகத் தேய்ந்திருந்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. பழைய சாமான் பெட்டியில் அதே அளவுக் கோன் ஒன்று கிடைத்தது. கிறீஸ் வைத்துப் போல்ஸை அடுக்கி, கோனை இறுக்கி, கால் சுற்று பின்னுக்கு விட்டேன். அக்சில் நட்டை முறுக்கும்போது அந்த இளக்கம் தானாகச் சரிவரும்.

சில்லைத் தூக்கிப் பிடித்து விட்டுப் பார்த்தேன். நான் சுற்றவில்லை. காற்றடிக்கும் வால்வு இருந்த பக்கம் அதன் சின்னப் பாரத்தில் தானாகவே கீழே இறங்கி, மறுபக்கம் ஏறி, திரும்பி இறங்கி, ஆடி ஆடி நின்றது. சத்தமே இல்லை. ஒரு விரல் நீளத் துண்டின் பாரத்துக்குச் சில்லு முழுவதும் அசைந்து கொடுக்கிறது. எத்தனை ஆயிரம் தரம் பார்த்தாலும் எனக்கு அது அலுக்காது.

"இந்த முறை நிக்காதே?" என்று கேட்டார் மிஸ்.

ஓட்டிப் பார்த்துத்தான் சொல்லலாம் என்றேன். ஒரு மூடை அரிசியைக் கரியரில் கட்டி, பள்ளமும் மேடும் பார்த்துத் துறைவரை நானே ஏறி ஓட்டிப் போனேன். மிஸ் பின்னால் நடந்து வந்தார். மூடையை இறக்கிவிட்டுச் சைக்கிளைக் கையில் கொடுத்தபோது பாதை புறப்பட ஆயத்தமாக நின்றது.

4. பின்னேரம்

அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. சாப்பிட மனமில்லை. துறையில் இருந்து வந்தவர்களிடமெல்லாம் மிஸ்ஸைக் கண்டீர்களா என்று கேட்டேன். நாலு மணிப் பாதையில் அவர் இல்லை. நானே போய்ப் பார்த்தேன். சைக்கிளும் இல்லை.

ஆறு மணி போல மட்டக்களப்பில் இருந்து வந்த பஸ் கடைக்கு முன்னால் நின்றது. மிஸ் இறங்கினார், கையில் பை மட்டும். நான் ஸ்பனரோடு நடுரோட்டுக்கே போய்விட்டேன்.

"சைக்கிள் எங்க, மிஸ்?"

"அந்தப் புள்ளட வீட்ட நிக்கிது. நான் போகக்குள்ள தலையிடி, கண் மங்குது எண்டு படுத்திருக்கா. பிறசர் ஏறி நிண்ட. புருசன் என்ட சைக்கிள எடுத்துக்கொண்டு பறந்து போய், டீசல் வச்சிருந்த ஒரு ஆள உழவு மெசினோட கூட்டி வந்தார். மட்டக்களப்பு ஆசுபத்திரிக்கு நானும் கூடப் போனன். ஒப்பரேசன் பண்ணிட்டாங்க. பொம்புளப் புள்ள. தாயும் நல்லம்."

ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் சொன்னதை மிஸ் சொல்ல வந்து, பாதியில் விட்டுவிட்டார். பிறகு நான்தான் கேட்டேன்.

"சில்லு எப்பிடி ஓடின, மிஸ்?"

மிஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். யோசித்தார். பிறகு சிரித்தார்.

"அண்ணன், மெய்யாச் சொல்றன். அங்க போய்ச் சேரும்வரைக்கும் அந்தப் புள்ளயத்தான் நினைச்சன். சில்லு எண்டு ஒண்டு இரிக்கிறதே எனக்கு ஞாபகம் வரல்ல."

முப்பத்தைந்து வருடத்தில் என் வேலையைப் பற்றி யாரும் இதைவிட நல்லதாக ஒன்றும் சொன்னதில்லை. ஹப் பூட்டுகிற பிள்ளைகளே, உங்கள் வேலை சரியா என்று அறிய அந்தச் சைக்கிளை ஓட்டிப் போனவரிடம் கேளுங்கள். சில்லைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கக்கூடாது.