ஆவாரங்குச்சியும் என் பெட்டியும்

"நாலு எழுத்துப் படிச்சிட்டா கெணத்துத் தண்ணி ஒன் பேச்சைக் கேக்குமோட்டி?"

பெரியப்பா இதைக் கேட்டது எங்கள் தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில். என் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அம்மா முறுக்கு போட்டு வைத்திருந்த டப்பா. இப்போது அதற்குள் ஒரு சர்க்யூட் போர்டும் ஒரு சிம் கார்டும் நான் எழுதிய புரோகிராமும் இருந்தன.

"கேக்கும் பெரியப்பா. போன்ல ஒண்ணை அமுக்கினா மோட்டார் ஓடும்" என்றேன்.

பின்னால் நின்ற சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெட்டியை நான் செய்ததே அவளுக்காகத்தான்.

எங்கள் கிணறு சங்கரன்கோவிலில் இருந்து புளியங்குடி போகிற வழியில் இருக்கிறது. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று பேருக்கும் பொது. தோட்டம் தனித்தனி; கிணறும் மோட்டாரும் ஒன்று. ஆளுக்கு ஒரு நாள் முறை. இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் முறையோ அந்த வீட்டுக் கைதான் ஸ்விட்சைத் தொட வேண்டும். நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஒருவர் முறையில் இன்னொருவர் மோட்டாரைப் போட்டு, அந்தக் கோபத்தில் ஒரு வீட்டுக் கல்யாணத்தில் இன்னொரு வீடு கை நனைக்காமல் போனதாம். அதிலிருந்து இந்தக் கட்டுப்பாடு. பாத்திக்குத் தண்ணீர் திருப்பிவிடுவதற்கு யார் வேண்டுமானாலும் உதவலாம். ஸ்விட்ச் மட்டும் ஆகாது.

மோட்டார் ஓட மும்முனைக் கரண்டு வேண்டும். காலைக் கரண்டு ஒரு நாள் எட்டு மணிக்கு வரும், ஒரு நாள் பத்து மணிக்கு வரும். வரும் வரை கிணற்றடியில் காத்திருக்க வேண்டும். சித்தப்பா வெளிநாட்டில் டிரைவராக இருக்கிறார். அதனால் அவர் முறை நாளில் காத்திருப்பது சித்தி. அம்மா பக்கத்து வரப்பிலேயே களை எடுத்துக்கொண்டிருப்பாள்; ஆனாலும் சித்திக்காக அம்மா அந்த ஸ்விட்சைத் தொட முடியாது.

சித்தி ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். போன வருஷம் ஒரு நாள் என்னிடம் வந்து, பத்தாவது பரீட்சையைத் தனியாக எழுதலாமா என்று கேட்டாள். எழுதலாம் என்றேன். சங்கரன்கோவிலில் ஒரு டுட்டோரியலில் சேர்ந்தாள். கணக்கு வகுப்பு காலை ஒன்பது மணிக்கு. மூன்று நாளுக்கு ஒரு நாள் கிணற்றடியில் நின்றால், மற்ற இரண்டு நாள் வகுப்பில் என்ன நடக்கிறது என்றே புரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். "முக்கோணத்தைப் பாதியில விட்டுட்டு வந்தேன், திரும்பிப் போனா வட்டத்துல நிக்காங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் பிறந்தவர்களில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான்தான் முதல். கல்லூரி முடித்தவளும் நான்தான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. வீட்டிலிருந்தபடியே ஒரு சாப்ட்வேர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதிய சாப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் வேலை. "குத்தம் சொல்லதுக்குச் சம்பளமா? ஒங்க அம்மைக்குக் குடுத்தா கோடீஸ்வரி ஆயிருப்பா" என்பார் அப்பா.

அந்த வேலையில் எனக்கு ஒரு எண்ணம் ஊறிப்போயிருந்தது. நம் கைக்கு வருகிற ஆப்களில் பாதி, நம்மைப் பார்க்காமலே செய்யப்பட்டவை. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டு, அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போகாது. எங்கள் வீட்டில் யாருக்கு இருக்கிறது குடும்பப் பெயர்? களை எடுக்கிற ஈரக்கையோடு திரையைத் தேய்த்தால் வேலை செய்யாது. இதையெல்லாம் பார்க்கும்போது, நம் ஊருக்கு நாமே எழுதினால் இப்படி ஆகாது என்று நினைப்பேன். நம் ஆட்களுக்கு அந்த மூளை இல்லாமல் இல்லை. மிஸ்டு கால் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பைசா செலவில்லாமல் "வந்து சேந்துட்டேன்" என்று சொல்ல ஒரு வழி. எந்தக் கம்பெனியும் அதை வடிவமைக்கவில்லை. கையில் காசில்லாதவர்கள் கண்டுபிடித்தது.

அந்தத் தைரியத்தில்தான் பெட்டியைச் செய்தேன். கரண்டு வந்ததும் பெட்டி, அன்றைக்கு யார் முறையோ அவர்களை போனில் கூப்பிடும். அவர்கள் ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும். வேறு யார் போன் செய்தாலும் மறுத்துவிடும்.

பெரியப்பா ஒரு வக்கீல் கேள்வி கேட்டார். "போன்ல போட்டா அது யாரு கைட்டி?"

நான் யோசிப்பதற்குள் சித்தி சொன்னாள்: "என் போனு, என் விரலு. வேற யாரு கை அத்தான்?"

பெரியப்பா கிணற்றை எட்டிப் பார்த்தார். "ஒரு மாசம் பாக்கேன். ஒரே ஒரு முறை பெசகிச்சுன்னாலும் பெட்டியக் கழட்டிருவேன். அப்புறம் இவ பழையபடி இங்கன வந்து நிக்கணும். சம்மதமா?"

சித்தி சம்மதம் என்றாள். அவளுடைய கணக்கு வகுப்பு என் புரோகிராமின் மேல் நின்றது.

முதல் இரண்டு வாரம் திருவிழாதான். பெட்டியில் பேசுவது என் குரல். "சித்தி, கரண்டு வந்துட்டு. மோட்டார் போடணும்னா ஒண்ணை அமுக்குங்க" என்று பதிவு செய்திருந்தேன். சித்தி வகுப்புக்கு நடுவில் போனை எடுத்து ஒன்றை அமுக்குவாள். தோட்டத்தில் மோட்டார் ஓடும். அம்மா பாத்திக்குப் பாத்தி தண்ணீர் திருப்பிவிடுவாள். டுட்டோரியல் முழுக்கப் பேச்சாகிவிட்டதாம். பெரியப்பாதான் என் பதிவுக் குரலிடம், "ஏட்டி, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் சாயங்காலம் என்னிடம் சண்டைக்கு வந்தார். "கேட்டதுக்கு ஒரு வார்த்தை சொல்லாம வைக்க. படிச்ச திமிரு!"

மூன்றாவது வாரம் பெரியப்பாவிடமிருந்து நிஜமாகவே போன் வந்தது. அப்போது நான் வீட்டில் கம்பெனி வேலையில் இருந்தேன்.

"சொல்லுங்க பெரியப்பா" என்றேன்.

"இனி ஒருக்கா பேசினே, ஒன்னயத் தூக்கிக் கெணத்துல போட்டுருவேன்" என்றார்.

"பெரியப்பா, நான்தான்."

"எத்தன மட்டம்ட்டி நீதான்? பதினோரு மட்டம் கூப்பிட்டுட்டே!" பிறகுதான் அவருக்குப் பிடிபட்டது. "நெசமா நீயா? அப்ப ஒடனே வா. ஸ்குரூ டிரைவர் கையில வச்சிருக்கேன்."

நான் வரும் வரை பெட்டியை அணைத்து வைக்கச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். நடந்தது இதுதான். முந்தின நாள் சித்தி முறை. பாதிப் பாத்தி பாய்ந்ததும் கரண்டு போய்விட்டது, பிறகு வரவில்லை. அம்மா வழக்கம்போல ஒன்பதாவது பாத்தி வாய்க்காலில் ஒரு ஆவாரங்குச்சியை ஊன்றிவிட்டு வந்திருந்தாள். தண்ணீர் இதுவரை பாய்ந்தது, முறை இன்னும் முடியவில்லை என்று அதற்கு அர்த்தம். குச்சி நிற்கும் வரை அடுத்த ஆள் மோட்டாரைப் போட மாட்டார். மறுநாள் மிச்சப் பாத்தி பாய்ந்த பிறகு குச்சியைப் பிடுங்குவார்கள். அப்போதுதான் முறை மாறும்.

என் பெட்டிக்குக் குச்சி தெரியாது. தேதி மாறியதும் முறையைப் பெரியப்பாவுக்கு மாற்றிவிட்டது. கரண்டு வந்ததும் அவரைக் கூப்பிட்டது. அவர் குச்சியைப் பார்த்தார், போனை வைத்துவிட்டார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பக் கூப்பிடும்படி எழுதியிருந்தது நான்தான். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் நடித்துக் காட்டினாள். "நீ 'ஒண்ணை அமுக்குங்க'ன்னு சொல்லுத. இவுக, 'குச்சி நிக்கிட்டி, எப்படிப் போடுவேன்?'னு கத்துதாவ. நீ மறுபடியும் 'ஒண்ணை அமுக்குங்க'ன்னு சொல்லுத."

அவருடைய பருத்தியும் காய்ந்துதான் கிடந்தது. ஒன்றை அமுக்கியிருந்தால் தண்ணீர் அவருக்கு. பெட்டியே கொடுத்தது என்று சொல்லிவிடலாம். அவர் அமுக்கவில்லை. வகுப்பிலிருந்து சித்தி போன் செய்தபோதோ, "இன்னைக்கு உங்க முறை இல்ல" என்று என் குரல் அவளை விரட்டிவிட்டது. அம்மா தொடக்கூடாது. கிணறு நிறையத் தண்ணீர், கம்பி நிறையக் கரண்டு, மூன்று வீட்டுத் தோட்டமும் காய்ந்துகொண்டிருந்தது.

நான் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சித்தியும் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். புத்தகப் பையை மோட்டார் ரூம் ஆணியில் மாட்டினாள். அந்தப் பை அங்கே தொங்குவதை என்னால் பார்க்க முடியவில்லை.

"குச்சியைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?" என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

"ஒனக்குத் தெரியாதுன்னு யாரு கண்டா? ஆட்ட வெரட்டுதேன்னு அந்தக் குச்சியப் பிடுங்கிட்டுப் போயி, ஒங்க அப்பாகிட்ட முதுகுல ரெண்டு வாங்கினது நீதானட்டி?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவள் சொன்னது உண்மை. குச்சி எனக்குத் தெரியும், நடக்கப் பழகிய நாளிலிருந்தே. ஆனால் லேப்டாப்பைத் திறந்ததும் அந்தத் தோட்டத்துப் பிள்ளை எழுந்து போய்விட்டாள். தேதி மாறினால் நாள் மாறும், நாள் மாறினால் முறை மாறும் என்று யாரோ எங்கிருந்தோ எழுதுவதுபோல எழுதிவிட்டேன். குடும்பப் பெயர் கேட்கிறவர்களைப் பார்த்துச் சிரித்தவள் நான். ஊரான் வீட்டு சாப்ட்வேரில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவளும் நான்தான். நம் ஊரில் பிறந்தவர் எழுதினால் மட்டும் போதாது. எழுதும்போதும் ஊரில் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு வேலை முடிகிற வரை அடுத்தவர் உள்ளே வராமல் பூட்டி வைப்பது எப்படி என்று கல்லூரியில் ஒரு பாடம் முழுக்கப் படித்திருக்கிறேன். பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்கினேன். அதே பூட்டை எங்கள் ஆட்கள் ஒரு ஆவாரங்குச்சியில் செய்து வைத்திருக்கிறார்கள். சார்ஜ் போட வேண்டாம், சிக்னல் வேண்டாம்.

பெரியப்பா ஸ்குரூ டிரைவரைப் பெட்டியில் வைத்துவிட்டார்.

"பெரியப்பா, சித்தி ஸ்விட்சத் தொட வேண்டாம். கரண்டு போறதுக்குள்ள பெட்டியவே சரி பண்ணித் தாரேன்."

"ஒன் பெட்டி குச்சிக்குக் கட்டுப்படுமா?"

"கட்டுப்படும்."

"நெசமாவா?"

"நெசமா."

அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். ஆனால் சட்டைப் பைக்குள் வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் லேப்டாப்பை வைத்து எழுதினேன். தேதியைப் பார்த்து முறையை மாற்றுகிற வரியை அழித்தேன். முறைக்காரர் ஒன்பதை அமுக்கினால் மட்டும் முறை மாறும் என்று எழுதினேன். அம்மா குச்சியைப் பிடுங்கிவிட்டுச் சொல்ல வேண்டும், சித்தி ஒன்பதை அமுக்க வேண்டும். அதுவரை எத்தனை நாள் ஆனாலும் முறை அவளுடையதுதான். நான் டைப் அடிக்கிற வேகத்தைப் பார்த்து, "கோழி கொத்துத மாதிரி கொத்துதா" என்றார் பெரியப்பா. எனக்குச் சிரிப்பு வந்தது.

முறையைச் சித்திக்கே திருப்பி வைத்துவிட்டு, பெட்டிக்கு மறுபடி கரண்டு கொடுத்தேன். கை எட்டும் தூரத்தில் நின்ற சித்தியின் போன் அடித்தது. "சித்தி, கரண்டு வந்துட்டு..." மீதியைக் கேட்காமலே அவள் ஒன்றை அமுக்கினாள். மோட்டார் உறுமியது. அம்மா மண்வெட்டியோடு ஒன்பதாவது பாத்திக்கு ஓடினாள்.

பெரியப்பா அதோடு விடவில்லை. வரப்பு ஓரம் போய்த் தன் போனில் கூப்பிட்டுப் பார்த்தார், மறுத்தது. அம்மாவின் போனை வாங்கிக் கூப்பிட்டார், மறுத்தது. சித்தியின் போனை வாங்கி, "இப்ப என் விரலு" என்றார். அதற்கு என் புரோகிராமில் வழியில்லை. சித்திதான் போனைப் பிடுங்கிக்கொண்டாள். என் கம்பெனியில் இவ்வளவு கறாராகச் சோதிக்கிறவர் ஒருவர்கூட இல்லை.

கடைசிப் பாத்தி நிறைந்ததும் அம்மா குச்சியைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினாள். சித்தி ஒன்பதை அமுக்கினாள். அடுத்த நிமிடம் பெரியப்பாவின் போன் அடித்தது. காதில் வைத்தார். "பன்னெண்டு" என்று எண்ணிவிட்டு, ஒன்றை அமுக்கினார். ஸ்குரூ டிரைவர் சட்டைப் பைக்குள் போனது. சித்தி ஆணியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மாசம் முடிந்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. பெரியப்பா அதற்கு மழை படாமல் ஒரு தகரம் அடித்துக் கொடுத்திருக்கிறார். சித்தி பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். குச்சியும் இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றவில்லை.

சித்தியோடு படிக்கிற அக்கா ஒருத்திக்கு ராயகிரிப் பக்கம் ஊர். அவர்கள் கிணற்றில் ஐந்து பங்கு. எங்களுக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று கேட்டாள். நேற்று காலையில் சித்தியும் நானும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். அவள் சங்கரன்கோவிலில் இறங்கி வகுப்புக்குப் போனாள். ராயகிரிக்குப் போக நான் சிவகிரி பஸ்ஸுக்கு மாறினேன். லேப்டாப்பை எடுத்துப் போகவில்லை. ஒரு நோட்டும் பேனாவும் மட்டும்.

அந்தக் கிணற்றடியில் குச்சி கிடையாது. மோட்டார் ரூம் கதவில் ஒரு பழைய சைக்கிள் ட்யூப் தொங்கிக்கொண்டிருந்தது. இது எதுக்கு என்று கேட்டேன். ஐந்து வீட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, ஒவ்வொருத்தராச் சொல்லுங்க அண்ணாச்சி என்றேன். மத்தியானத்துக்குள் ஏழு பக்கம் நிறைந்துவிட்டது.