உபதேசியார் தடுத்த சூளை

ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே சவரிராஜ் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். உபதேசியார் வீடு என்றால் கைகாட்டுவார்கள். சாமியார் வராத நாட்களில் கோயிலில் செபம் நடத்துவதும், சாவு வீட்டில் செபமாலை சொல்வதும் அவர்தான். முன்கோபி. பஞ்சாயத்து ஆபீசில் யாரையாவது இழுத்தடித்தால் போய் நின்று கத்திவிடுவார். பாதி ஊருக்கு ரேஷன் கார்டு வந்தது அந்தக் கத்தலால்தான். நல்ல மனிதர். சங்கடமே அதுதான்.

பெரம்பலூர்ப் பக்கம் செங்கல் சூளைகள் வைத்திருக்கும் நல்லுசாமி, எங்கள் ஏரிக்கரையிலும் ஒன்று போடக் கிளம்பினார். அவர் சூளைகளில் முன்பணம் கொடுத்துக் ஆட்களைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து அடைத்துவைப்பார்கள் என்று பேச்சு. ஆனாலும் சூளை வந்தால் ரோடு வரும், லாரி ஓடும் என்று ஊரில் ஒரு கூட்டம் அவர் பின்னால் போனது. சேர்ந்து தேர் இழுத்தவர்கள் டீக்கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அவன் ஊர்ல என்னவோ பண்ணிட்டுப் போறான். நம்ம எல்லைக்குள்ள கொத்தடிமைன்னு ஒருத்தன் இருக்கக் கூடாது" என்று உபதேசியார் கிளம்பிவிட்டார்.

மே தினத்தன்று கிராம சபை. காலையில் தொழிலாளரான சூசையப்பர் திருநாளுக்குச் செபம் நடத்திவிட்டு, வீடு வீடாகப் போய் ஆள் திரட்டினார். போதாதென்று தன் மாட்டுக்கொட்டகையிலிருந்து கண்ணையனையும் கூட்டிவந்தார். கண்ணையனின் அப்பா என்றைக்கோ வாங்கிய கைமாற்றுக்காக அங்கே சாணி அள்ள வந்தவர். அவருக்குப் பின் மகன். சோறு உண்டு, பண்டிகைக்குத் துணி உண்டு, கூலி கிடையாது. இதில் எங்களுக்கு எதுவும் தப்பாகத் தெரிந்ததில்லை. உபதேசியார் வீட்டு ஆள் என்போம், அவ்வளவுதான்.

கூட்டத்தில் நல்லுசாமி எழுந்தார். "நாங்க யாரையும் அடச்சு வெக்கலீங்க. வாராவாரம் கூலி. ஞாயித்துக்கெழம லீவு."

உபதேசியார் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார். பொய்ப் பேச்சை நம்பாதீங்க, மனுசன விலைக்கு வாங்குறவனுக்கு இங்க எடமில்ல என்று அவர் முழங்க, கைதட்டல் ஓய வெகு நேரமானது. நானும் தட்டினேன்.

சூளை வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் கூட்டத்தை நடத்த வந்த அதிகாரி. அந்தக் கூட்டத்தின் கைகளோடு, பின்னால் ஓரமாக நின்றிருந்த கண்ணையனும் கையைத் தூக்கினான்.

"டேய், நமக்கு இப்ப இல்லடா. அடுத்தது" என்றார் உபதேசியார் சிரித்துக்கொண்டே.

கை கொஞ்சம் தாழ்ந்தது. ஆனால் இறங்கவில்லை.

"அவரப் பேச விடுங்க" என்றார் அதிகாரி. "ஏன் சூளை வேணுங்கறீங்க?"

கண்ணையனை யாரும் 'ங்க' போட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"ஞாயித்துக்கெழம லீவுன்னாங்க சார்."

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. நாங்கள் சலவைச் சட்டையோடு பூசைக்குப் போகும்போதெல்லாம் அவன் புல்லுக்கட்டோடு எதிரே வருவான். ஒதுங்கி வழிவிடுவான். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

சூளை வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேறியது. யாரும் கைதட்டவில்லை.

வெளியே வந்ததும் உபதேசியார் கண்ணையனிடம் போனார். அவன் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"வர்ற ஞாயித்துக்கெழம நீ வேலைக்கு வர வேணாம்ப்பா" என்றார்.

கண்ணையன் அரண்டுபோனான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நாங்கள் அத்தனை பேரும் பார்க்க, நடுத்தெருவில் அவர் காலில் விழுந்தான்.

"தெரியாமத் தூக்கிட்டேங்கய்யா. இனிமே தூக்க மாட்டேன். என்னைய வேலையவிட்டு நிறுத்திப்புடாதீங்கய்யா."