சிவப்பு வராத ஒரு வாரம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் ஆக்சஸ் என்ற கணினி மென்பொருளில் புரோகிராம் எழுதிக் கொடுப்பவர் இசைவாணி. பயந்த சுபாவம். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவரா அந்த வரியை எழுதினார் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

சிதம்பரத்துச் சின்ன கிளினிக் ஒன்றுக்கு அவர் செய்து கொடுத்ததில், நோயாளியின் படிவம் வெளியே இருக்கும். அதற்குள் ஒரு பெட்டியில் அன்றைய வருகை. வருகைக்குள் இன்னொரு பெட்டியில் மருந்துகள். எழுதும் மருந்து அந்த ஆளுக்கு ஒவ்வாது என்றால் திரையில் சிவப்பாக எச்சரிக்கை வரும். பரங்கிப்பேட்டை கண்ணாயிரம் ஒருமுறை பென்சிலின் ஊசியால் முகம் வீங்கி, பிழைத்ததே பெரும்பாடானது. அதற்குப் பிறகு டாக்டர் கேட்டு வாங்கிய வசதி அது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. உள்ளே இருப்பதைக் கூப்பிட, உள்ளிருக்கும் படிவத்தின் பெயரைச் சொன்னால் போதாது. அது உட்கார்ந்திருக்கும் பெட்டியின் பெயரைச் சொல்ல வேண்டும். போன வாரம் டாக்டர் வருகைப் பகுதியை அகலமாக்கச் சொன்னார். இசைவாணி பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தார். அதற்கு ஆக்சஸ் தானாகவே வேறு பெயர் வைத்துவிட்டது. எச்சரிக்கையோ பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் சிவப்பு வருவது நின்றுபோனது. பிழைச் செய்தியாவது வந்திருக்க வேண்டும். அதுவும் வராது. இங்கிலீஷில் என்னென்னமோ வருகிறதே என்று நர்ஸ் திலகவதி முன்பு சலித்துக்கொண்டதால், பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் மேலே போ என்று இசைவாணி ஒரு வரி எழுதி வைத்திருந்தார்.

இன்று காலை வீட்டில், பண்ருட்டியிலுள்ள வேறொரு கிளினிக்குக்காக அதன் நகலைச் சோதித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கண்ணாயிரத்தின் அடுத்த வருகை என்று நகலில் இருந்ததும் இன்றைய தேதிதான். கிளினிக்குக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. நோயாளிகள் இருக்கும்போது அங்கே யாரும் போனைத் தொடுவதில்லை.

சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார். ஆலப்பாக்கத்திலும் புதுச்சத்திரத்திலும் டிரைவர் வேண்டுமென்றே நிறுத்தி வைப்பதாகத் தோன்றியது. பக்கத்து சீட்டுப் பெண்மணி, ஆஸ்பத்திரியில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேவிட்டார்.

கிளினிக்கில் கண்ணாயிரம் கால் கட்டு மாற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் மாத்திரைப் பொட்டலம். சாப்பிட்ட பிறகுதான் போடச் சொன்னார்களாம், இன்னும் போடவில்லையாம். இசைவாணி விஷயத்தைச் சொன்னதும் திலகவதி பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். பென்சிலின் வகை மாத்திரை.

"முன்னல்லாம் ஒவ்வொருத்தர்கிட்டயும் வாய்விட்டு கேட்டுட்டுதான் மாத்திரை குடுப்பேன் இசை. நீ செவப்பு வெச்சதுக்கப்புறம் நானும் கேக்கறதில்ல, டாக்டரும் கேக்கறதில்ல."

இசைவாணிக்கு அழுகை வந்தது. பெட்டியின் பெயரைத் திருத்தினார், அந்தப் பாழாய்ப்போன வரியை எடுத்தார். கண்ணாயிரத்தின் மாத்திரைப் பெயரை அடித்ததும் சிவப்பு பளிச்சென்று வந்தது. இனிமேல் பயமில்லை என்றார் திலகவதி.

இசைவாணிக்குப் பயம் அப்போதுதான் ஜாஸ்தியானது. ஒரு வாரமாக எழுதிய மருந்துகளை எல்லாம் ஒவ்வாமையோடு ஒப்பிட்டுத் தேடினார். இன்னும் ஒரு பெயர் வந்தது. ஸ்ரீமதி, காடாம்புலியூர், பள்ளிக்கூடம் போகும் பெண். நேற்று வந்து போயிருக்கிறாள்.

திலகவதி ஸ்பீக்கரில் போன் போட்டார், அவள் அம்மாதான் எடுத்தார். பிள்ளைக்கு ராத்திரியிலிருந்து உடம்பெல்லாம் தடிப்பாக இருக்கிறது, வெயிலில் ஆடியதால் இருக்கும் என்று விட்டுவிட்டதாகச் சொன்னார். இப்போதுதான் சாப்பிட்டாள், அடுத்த மாத்திரை கையில் இருக்கிறது என்றார்.

திலகவதியின் கையிலிருந்து போனைப் பிடுங்கினார் இசைவாணி.

"குடுக்காதீங்க. கீழ போட்டுட்டு புள்ளய தூக்கிட்டு ஒடனே ஆஸ்பத்திரிக்கு கெளம்புங்க."