எடுத்துப் போடுங்கோ

பொம்மைக்குப் பெயின்ற் அடிப்பதென்றால் நிறம் பூசுவது என்று நினைப்பீர்கள். உண்மையில் அது பாதிக்கு மேல் அழிக்கிற வேலை. நான் சொல்வது பிள்ளைகள் விளையாடுகிற பொம்மை அல்ல. யாரோ ஓர் ஓவியர் வடிவமைத்து, கொஞ்ச எண்ணிக்கையில் மட்டும் வினைல் என்கிற பிளாஸ்டிக்கில் வார்த்து விற்பார். பெரியவர்கள் வாங்கி அலுமாரியில் வைத்துப் பார்ப்பார்கள். என்னைப் போலக் கை சும்மா இருக்காதவர்கள் அதன் நிறத்தைக் கழற்றிவிட்டுத் தங்கள் எண்ணத்துக்கு வேறு நிறம் அடிப்பார்கள். எனக்கு வீடு புத்தூர். சுன்னாகத்தில் மோட்டார் சைக்கிள்களுக்குப் பெயின்ற் அடிப்பது பிழைப்பு. மிச்ச நேரமெல்லாம் இந்தப் பைத்தியம். உங்களில் யாருக்காவது இதே பைத்தியம் பிடித்திருந்தால், அழிக்கக் கூடாத ஒன்றை நான் அழித்த கதையையும் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

யாருக்கு வயசு?

முதல் பொம்மைக்காக நாலு மாதம் காத்திருந்தேன். வெள்ளைக் கரடி, ஒரு சாண் உயரம். பொதி வந்திருக்கிறதென்று தபால் கந்தோரிலிருந்து அறிவித்தல் கிடைத்ததும் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். கவுண்டரில் இருந்த அம்மா பெட்டியைத் திறக்கச் சொன்னார். கரடியைத் தூக்கிக் குலுக்கி, காதில் வைத்தும் கேட்டார். உள்ளே ஒன்றுமில்லை என்றேன். பிள்ளைக்கு எத்தனை வயது என்று விசாரித்தார். பிள்ளைக்கில்லை, எனக்குத்தான் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப உங்களுக்கு எத்தினை வயசு?"

வெங்காயக் கரடி

அந்தக் கரடியை நானே கெடுத்தேன். மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கிற பெயின்றையே அதற்கும் அடித்தேன். இரும்பில் ஒரு மணித்தியாலத்தில் காய்கிற சாமான், வினைலில் ஒரு மாதமாகியும் காயவில்லை. தொட்டால் விரல் ஒட்டும். வினைலுக்குள் இருக்கிற எண்ணெய்ப் பசை கசிந்து வந்து பெயின்றை இளக்கிவிடுமாம். அதற்கென்று வேறு பெயின்ற் உண்டு, அடிக்குமுன் பொம்மையைத் துடைத்துத் துப்புரவாக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

அதற்குள் என் மனைவி வதனி, கரடியைக் காயவைத்திருந்த விறாந்தையில் வெங்காயம் பரப்பிவிட்டாள். காற்றுக்குப் பறந்த சருகெல்லாம் கரடியில் வந்து ஒட்டியது. சருகைப் பிய்த்தால் பெயின்றும் கூடவே வந்தது. நாலு மாதம் பார்த்துக்கொண்டிருந்த கரடி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து எந்தப் பொம்மை வந்தாலும் முதல் வேலை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதுதான். ஒரு பொட்டு அழுக்கும் விடுவதில்லை. வதனிக்கு மட்டும் ஒரு கவலையும் இல்லை. "வெங்காயக் கரடி எண்டு பேரை வைச்சு விடுங்கோ. வேணுமெண்டுதான் உப்பிடிச் செய்ததெண்டு நினைப்பினம்."

நீலப் பூனை

பேஸ்புக்கில் நான் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு, பருத்தித்துறையிலிருந்து ஓர் அக்கா பஸ் ஏறி வந்தார். துவாயில் சுற்றிக் கொண்டுவந்தது ஒரு நீலப் பூனை. அதன் விலைக்கு என் ஆயுளில் அப்படியொன்று வாங்க முடியாது. தொடவே கை கூசியது. கப்பலில் வேலை பார்த்த அவருடைய தம்பி சிங்கப்பூரில் வாங்கிவந்து கொடுத்ததாம். அடுத்த பயணத்தில் தம்பி காய்ச்சல் கண்டு இறந்துபோனார்.

யன்னலோரம் இருந்த பூனைக்குக் கடற்காற்றுப் பட்டு நிறம் உரிந்துவிட்டது. பழையபடி நீலமாக்கித் தர வேண்டும், அவ்வளவுதான். நான் என் வித்தையைக் காட்டுகிற ஆசையில் பொன்நிறம், மீன் செதில் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. "எனக்கு வடிவு வேண்டாம் தம்பி. அவன் தந்த மாதிரி இருந்தாக் காணும்."

குரல் பதிவு

மறுநாள் கடையில் வேலை முடிந்த கையோடு பூனையை எடுத்து வைத்தேன். அப்போது அக்காவிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. "தம்பி, சொல்ல மறந்திட்டன். பூனையின்ரை காலுக்கு அடியிலை பொடி எழுத்திலை ஏதோ கிடக்குது. என்ரை கண்ணுக்கு வாசிக்கேலாது. வேலை தொடங்க முதல் அதை எடுத்துப் போடுங்கோ."

திருப்பிப் பார்த்தேன். மங்கிய பேனை எழுத்து, இரண்டு வரி. முதல் சொல் மட்டும் கண்ணில் பட்டது. மிச்சத்தை நான் ஏன் வாசிக்க வேண்டும்? பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்து இரண்டு இழுவை. பாதம் பளிச்சென்று ஆகிவிட்டது. இவ்வளவு சுத்தமாக வேறு யாரால் எடுக்க முடியும் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. "ஓம் அக்கா, எடுத்துப் போட்டன்" என்று எழுதி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "எடுத்துப் போட்டன் எண்டுறியள், எனக்கு இன்னும் வரேல்லையே தம்பி?"

முதல் சொல்

எங்கள் பக்கத்தில் எடுத்துப் போடு என்றால் அகற்று என்று அர்த்தம். கையில் போன் வந்த பிறகு, படம் எடுத்து அனுப்புவதும் எடுத்துப் போடுவதுதான். அக்கா கேட்டது படம். பெரிதாக்கி வாசிப்பதற்கு. எதைச் சொல்கிறீர்கள் அக்கா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாதத்தை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன், பென்சில் தூள் தடவிப் பார்த்தேன். நான் துடைத்த இடத்தில் ஒன்றும் மிஞ்சாது என்பது எனக்குத் தெரியாதா?

போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. "நேரிலை வாறன் அக்கா" என்று மட்டும் போட்டுவிட்டு, நீலம் அடித்து முடித்த பூனையை மடியில் வைத்துக்கொண்டு பருத்தித்துறைக்கு பஸ் ஏறினேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பூனையைத் திருப்பி, பாதத்தைப் பெருவிரலால் தடவினார். "நீங்கள் வாசிச்சனீங்களோ?" என்று கேட்டார். முதல் சொல்லை மட்டும் கண்டேன், 'அக்கா' என்று இருந்தது என்றேன். பூனையைக் கொண்டுபோய் யன்னலோரம் பழைய இடத்திலேயே வைத்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அப்ப எனக்குத்தான் எழுதியிருக்கிறான்."

இன்றைக்கும் பொம்மைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எது வந்தாலும், நான் முதலில் செய்வது அதன் காலைப் பிடிப்பதுதான்.