கடல் தண்ணீரில் நனைத்துப் பார்க்காத சிவப்பு

1. பனியன் துணியில் ஒரு கூடாரம்

கடலை நான் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு வயது முப்பத்திரண்டு. பார்த்த மறுநாளே அந்தக் கடல் என் வேலைக்கும் என் வீட்டுக்காரர் வேலைக்கும் உலை வைக்கப் பார்த்தது. திருப்பூரில் க்யூசியாக, அதாவது சரக்கின் தரம் பார்த்து ஓகே எழுதும் ஆளாக, இருபத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். செக்கிங் மேஜைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் பெருமை சேர்க்கிற கதை இல்லை இது.

தொண்ணூறுகளின் முதல் பாதி. எங்கள் கம்பெனி வீரபாண்டியில் இருந்தது. பெரிய ஷிப்மெண்ட் ஒன்று முடிந்தால் முதலாளி எங்களைப் பழனிக்கோ ஊட்டிக்கோ கூட்டிப்போவார். அந்த முறை போனது சாதாரண ஷிப்மெண்ட் இல்லை. நடுவில் ஏஜெண்ட் இல்லாமல் வெளிநாட்டுப் பையரிடம் நேராக வாங்கிய முதல் ஆர்டர். வீட்டுப் பத்திரத்தைப் பாங்கில் வைத்துத்தான் முதலாளி அதை எடுத்திருந்தார். கடற்கரைக்குப் போகும்போது அப்பனும் பிள்ளைகளும் ஒரே மாதிரி போட்டுக்கொள்கிற முழுச் சிவப்பு டி-ஷர்ட்.

சாம்பிள் பார்க்க வந்த பையர், தன் குடும்பத்தோடு மணலில் கூடாரம் போட்டுத் தங்கிய போட்டோ ஒன்றைக் காட்டிவிட்டுப் போனார். அது முதலாளியின் மனதில் ஒட்டிக்கொண்டது.

"வெள்ளக்காரன் அவனே வண்டி ஓட்டறான், அவனே கொட்டாய் போடறான், அவனே சோறாக்கித் திங்கறான். நம்மளால முடியாதுங்களா? டிரைவர் ஒருத்தரும் வேண்டாம். ராமேஸ்வரம் போறோம், மணல்லயே தங்கறோம்" என்றார்.

சரக்கு லாரி ஏறித் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போன இரண்டாம் நாள், சனிக்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். முதலாளி ஜீப்பை ஓட்டினார். என் வீட்டுக்காரர் கந்தசாமி அம்பாசிடரை ஓட்டினார். அவர்தான் கம்பெனியின் டையிங் மாஸ்டர். சாயம் அவர் பொறுப்பு, அதைச் சோதிப்பது என் பொறுப்பு. கட்டிங் மாஸ்டர் இப்ராஹிம் பாய் மட்டடார் வேனை எடுத்துக்கொண்டார். பொண்டு பிள்ளைகளோடு மொத்தம் பதினெட்டுப் பேர்.

கூடாரம் இப்ராஹிம் பாய் தைத்தது. தைக்கிற ஊரில் இருந்துகொண்டு கூடாரத்தை விலைக்கு வாங்குவதா என்று, குடோனில் மிஞ்சிக் கிடந்த பனியன் துணியை எடுத்து வெட்டிவிட்டார்.

"பாய், நான் தறி ஓடற சாமளாபுரத்துக்காரி, சொன்னாக் கேளுங்க. தறித்துணியில தையுங்க. பனியன் துணி இழுத்தா நீளுமுங்க" என்றேன்.

"டபுள் தையல் போட்டிருக்கறன் மரகதம். யானை வந்து படுத்தாலும் தாங்கும்."

யானை வரவில்லை, பனிதான் வந்தது. ஞாயிறு காலை கண் விழித்தபோது கூடாரத்தின் கூரை ஈரத்தில் தொங்கி எங்கள் மூக்கில் உரசிக்கொண்டிருந்தது. பாயை எல்லோரும் சேர்ந்து ஒரு வழி பண்ணிவிட்டோம்.

அதற்கு முன்பே மணல் எங்களை ஒரு வழி பண்ணியிருந்தது. பாம்பன் பாலம் தாண்டித் தீவுக்குள் போய், தார் ரோட்டை விட்டு இறங்கிய உடனே ஜீப்பின் பின்சக்கரம் புதைந்துவிட்டது. முதலாளி ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாயிற்று. வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எழுந்து வந்தார்.

"மிதிச்சா குழிதான்யா பறிக்கும். டயர்ல பாதிக் காத்த எறக்கிவிடுங்க."

"காத்த எறக்கிப்போட்டா வண்டி எப்புடிங்க ஓடும்?" என்றார் முதலாளி. இறக்கிய பிறகு ஜீப் பூனை போல மெதுவாக மேலேறி வந்தது. அம்பாசிடரையும் வேனையும் தார் ரோட்டோரமே விட்டுவிட்டு, சாமான்களை ஜீப்பில் கொண்டுபோய் மீனவர் குடிசைகளுக்குப் பக்கத்தில் இறக்கினோம்.

2. மணலில் விழுந்த சொட்டு

தீவின் ஒரு பக்கம் அலையே இல்லாமல் குளம் போலக் கிடந்தது. அதைப் பெண் கடல் என்கிறார்கள். ஞாயிறு காலை ஆண்களும் பிள்ளைகளும் அங்கே இறங்கினார்கள். எல்லோர் உடம்பிலும் அதே சிவப்பு டி-ஷர்ட். ஆர்டர் போக மிஞ்சிய பீஸ்களை, பேக்கிங் செக்‌ஷனில் சொல்லி முதலாளி ஆளுக்கொன்று கொடுக்க வைத்திருந்தார்.

எனக்குத் தண்ணீர் பயம். கரையில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் செல்விக்கு அப்போது ஐந்து வயது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் தண்ணீரிலேயே கிடந்தாள். பிறகு "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்து என் முன்னால் நின்றாள்.

இரண்டு காலிலும் சிவப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. முழங்காலில் இருந்து பாதம் வரை கோடு கோடாக இறங்கி, வெள்ளை மணலில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

நான் போட்ட சத்தத்தில் மீனவர் குடிசையில் இருந்தெல்லாம் ஆள் ஓடி வந்தார்கள். பிள்ளையைத் தூக்கி மடியில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, கல் கிழித்ததா, மீன் கடித்ததா என்று உடம்பு முழுக்கத் தேடினேன். ஒரு கீறல் இல்லை. அவள் கெக்கெக்கென்று சிரித்தாள். பாயின் சம்சாரம் வெள்ளைத் துண்டால் அவள் காலைத் துடைத்தார். துண்டு சிவப்பாயிற்று.

அப்போதுதான் ஆண்கள் தங்களைப் பார்த்துக்கொண்டார்கள். நெஞ்சு, கை, கழுத்து எல்லாம் சிவப்பு.

"கோயில் நோம்பியில மஞ்சத்தண்ணி ஊத்துன மாதிரி ஆயிப்போச்சுங்க" என்று பாய் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். என் மகளுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பையர் அனுப்பிய டெஸ்ட் ஷீட்டில் பதினான்கு கட்டங்கள் இருந்தன. சோப்புத் தண்ணீர், வெந்நீர், வியர்வை, தேய்ப்பு என்று ஒவ்வொன்றிலும் சாயம் நிற்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். சிவப்புத் துணியோடு வெள்ளைத் துணியைச் சேர்த்துத் தைத்து நனைத்து, வெள்ளையில் சிவப்பு ஏறுகிறதா என்று பார்ப்போம். பதின்மூன்று கட்டத்துக்கும் ஒழுங்காகப் பார்த்தேன். பதினான்காவது கட்டம் கடல் தண்ணீர். திருப்பூரில் கடல் தண்ணீருக்கு எங்கே போவது? ஷிப்மெண்ட் அவசரம் வேறு. நல்ல தண்ணீரில் போகாத சாயம் கடலில் மட்டும் போய்விடுமா என்று நினைத்துக்கொண்டு ஓகே எழுதிவிட்டேன். கடலையே பார்க்காத நான், கடலில் நிற்கும் என்று கையெழுத்துப் போட்டேன்.

அதே சிவப்பு பெட்டி பெட்டியாகத் தூத்துக்குடியில் நிற்கிறது. திங்கள் சாயங்காலம் கப்பல். அதை வாங்கிப் போடுகிற ஊரில் எத்தனை தாய்மார் என்னைப் போலக் கத்துவார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டேன். அவர் முகமும் சரியில்லை.

"ஏனுங்க, சாயம் போட்டப்புறம் அலசற வாஷ் எல்லாம் முழுசாக் குடுத்தீங்களா?"

அவர் மணலைப் பார்த்தபடி பேசினார். "அன்னைக்குத் தண்ணி லாரி வருலீல்ல. ரெண்டு வாஷைக் கொறச்சுப்போட்டு, சாயத்தப் புடிச்சு நிறுத்தற கெமிக்கல ஏத்திப்போட்டேன். நல்ல தண்ணியில நின்னுச்சு. நீயுந்தான பாத்தே?"

"உப்புத் தண்ணியில பாக்குலீங்க."

"ஓகே எழுதியிருந்தியே?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் அப்படி ஒரு பார்வை பார்த்துக்கொண்டது கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த ஒரு தரம்தான்.

"பேசாம இரு. புருசன் சாயம் போட்டான், பொண்டாட்டி பாஸ் போட்டாம்பாங்க. ரெண்டு பேத்து வேலையும் போயிரும். திருப்பூர்ல ஒருத்தனும் சேத்த மாட்டான்" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

3. முதலாளி நீட்டிய பொய்

முதலாளி கடலில் இறங்காமல் கூடாரத்துப் பக்கம் கறிக்குழம்பு கிண்டிக்கொண்டிருந்தார். சிரிப்புச் சத்தம் கேட்டு அவரும் சிரித்துக்கொண்டே கரண்டியோடு வந்தார். செல்வியின் காலைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏ அம்மிணி, இது அந்த ட்ரையல் லாட்டுத்தான? கலர் சரியில்லீன்னு நாம தள்ளுனமே, அதப் பேக்கிங்ல எடுத்துக் குடுத்துட்டாங்களாட்ட இருக்குது?"

அப்படி ஒரு லாட் உண்மையிலேயே இருந்தது. ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் கேட்ட விதத்தில், ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்று அவரே வேண்டிக்கொள்வது தெரிந்தது. என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி சட்டையைப் பிழிந்து மணலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க. கண்டெய்னர்ல போன அதே லாட்டுங்க" என்றேன்.

"கடல் தண்ணி டெஸ்ட்டு?"

"பண்ணுலீங்க. பண்ணாமயே எழுதீட்டனுங்க."

முதலாளி திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கரண்டியோடு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் போய், வாஷ் குறைத்ததைத் தானே சொன்னார். அவர் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பாய்தான் முதலில் அசைந்தார். ஊருக்குள் ஓடி எஸ்டிடி பூத்தில் இருந்து தூத்துக்குடியில் சரக்கைக் கப்பலேற்றும் ஷிப்பிங் ஏஜெண்டுக்குப் போன் அடித்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, எடுக்க ஆளில்லை. திரும்பி வந்து, "முதலாளி, எந்திரிங்க. இப்பப் பொறப்பட்டா ராத்திரிக்குள்ள போயிரலாம். கப்பல் நாளைக்குத்தானுங்க" என்றார்.

முதலாளி எழுந்து ஜீப்பில் ஏறினார். "கந்தசாமி, நீயும் வா" என்றார். முந்தின நாள் கற்றதெல்லாம் பதற்றத்தில் மறந்துபோய் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். ஜீப் அச்சு வரை புதைந்தது. கூடாரத்தைப் பிடுங்கிச் சக்கரத்துக்கு அடியில் திணித்தோம். பெண்கள், மீனவர்கள் எல்லோரும் தள்ளினோம். நானும் தள்ளினேன். என் வேலையைத் தொலைக்கப் போகிற வண்டியை நானே தள்ளுகிறேன் என்று ஒரு நினைப்பு வந்தது. வண்டி நகர்ந்ததும் அழுகை வந்துவிட்டது.

4. நாளைக்கு வாங்க

அவர்கள் நேரத்துக்குப் போய்த் தடுத்துவிட்டதால் கண்டெய்னர் அந்தக் கப்பலில் ஏறவில்லை. பேப்பர் வேலையெல்லாம் முடிந்து பெட்டிகள் திருப்பூர் திரும்பப் பத்து நாள் ஆயிற்று. முதலாளியே பையருக்கு உண்மையை எழுதினார். பையர் பாதி ஆர்டரைக் கேன்சல் செய்தார். மீதியைச் சாயம் போகாமல் சரிசெய்து கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

உண்மையைச் சொன்னால் ஊர் மெச்சும் என்று நினைத்திருந்தேன். அதுதான் எனக்கு விழுந்த அடுத்த அடி. ஓவர்டைம் நின்றது, தீபாவளி போனஸ் குறைந்தது. தையல் செக்‌ஷன் பெண்கள் என் காதுபடவே, "ஊட்டுக்காரனையே காட்டிக் குடுத்த மகராசி" என்றார்கள். வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு போட்டால் சாப்பிடுவார், எழுந்து போய்விடுவார்.

முதலாளியிடம் போய் நின்றேன். "என்னை நிறுத்திருங்க" என்றேன்.

"உன்ன வெளிய அனுப்பிச்சா, அடுத்து வர்ற க்யூசி எங்கிட்ட உள்ளதச் சொல்லுமா? போய் வேலையப் பாரு" என்றார். என் வீட்டுக்காரரையும் நிறுத்தவில்லை.

மறுபடி அலசிய பீஸ்கள் வந்த அன்று, என் வீட்டுக்காரர் இருபது லிட்டர் கேன் ஒன்றைத் தூக்கிவந்து என் மேஜை மேல் வைத்தார். பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவரத் தூத்துக்குடி போயிருந்தபோது பிடித்துவந்த கடல் தண்ணீர். எதிரில் நின்றார்.

பீஸை நனைத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் தெளிவாக இருந்தது. அவர் பேனாவை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். என் மகள் அந்தச் சட்டையோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்தது ஞாபகம் வந்தது.

"நாளைக்குக் காலைல வாங்க" என்றேன்.

அவருக்கு வந்த கோபத்தில் கேன் கவிழ்ந்திருக்கும், கவிழவில்லை. மறுநாள் காலை தண்ணீர் இளம் ரோஸ் நிறத்தில் இருந்தது. அவரே பாத்திரத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பீஸ்களைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். ஷீட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் யாரும் உங்களைத் தூக்கில் போட மாட்டார்கள். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதுங்கள். அவசரப்படுத்துகிறவர் முதலாளியாக இருந்தாலும் சரி, தாலி கட்டினவராக இருந்தாலும் சரி, நாளைக்கு வாங்க என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல எனக்கு ஒரு கண்டெய்னர் திரும்பி வர வேண்டியிருந்தது.

இன்னொரு முறை அலசி வந்த பீஸை ஒரு ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் தண்ணீர் பளிங்கு போல இருந்தது. கூடத் தைத்த வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. பேனாவைத் திறந்து பதினான்காவது கட்டத்துக்குப் போனேன்.

எதிரில் நின்றிருந்த என் வீட்டுக்காரர், ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"இன்னும் ஒரு நாள் கெடக்கட்டும் மரகதம்" என்றார்.

நான் பேனாவை மூடிவைத்தேன்.